தலைவர் நடந்த பதினெட்டு மைல்

கிழக்கு வட்டாரச் சுகாதார வாரியத்துக்கு 1961-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஓர் உண்மை தெரியவந்தது. மனிதர்களுக்கு வயதாகிறது. அதற்கு முன்பும் வாரிய ஊழியர்களுக்கு வயதாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாரும் அதை எழுத்துமூலம் தெரிவித்ததில்லை. தெரிந்த பிறகு வாரியம் கையைக் கட்டிக்கொண்டு இருக்குமா? திட்டம் போட்டது.

வாரியம் இருந்தது நாகல் நகரில், பழைய புகையிலைக் கிட்டங்கி ஒன்றின் மாடியில். மாடிக்குப் பதினாறு படிகள். வாரியத் தலைவர் சுருளிவேல் அந்தப் படிகளை ஒரே ஒரு தடவை, பதவியேற்ற அன்று, ஏறியிருக்கிறார். மறுநாளே கீழே கார் ஷெட்டில் மேசை போட்டு, 'தலைவர் அறை' என்று பலகை மாட்டிவிட்டார்கள். செயலாளர் ராயப்பராஜ் தினமும் ஏறுவார். நாலாவது படியிலும் பத்தாவது படியிலும் நின்று, கையிலிருக்கும் காகிதத்தைக் கூர்ந்து படிப்பார். படிக்கிறார் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள். மூச்சு வாங்குகிறார் என்பது பழையவர்களுக்குத் தெரியும். வட்டாரத்து ஜனங்கள் எப்படி ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்கள் இந்த இரண்டு பேர்தான்.

திட்டத்தின் பெயர் 'ஓய்வை நோக்கி ஊக்க நடை'. ஐம்பத்து நான்கு வயது முடிந்த ஒவ்வொருவரும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை கிட்டங்கிக்குப் பின்னாலுள்ள பொட்டலில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். இருபது சுற்றுக்குக் குறையக் கூடாது. அதை 'நடையேடு' என்ற நோட்டில் பதிய வேண்டும். நடையேடு நிரம்பியிருப்பவருக்கே ஐம்பத்தைந்துக்கு மேல் ஐந்து வருஷம் பணி நீட்டிப்பு. தலைவர், செயலாளர் பதவிகளுக்கும் இதே விதி என்று பெருந்தன்மையாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

வயதைப் பார்த்தபோது, ஐம்பத்து நான்கு முடிந்தவர்கள் மூன்றே பேர் தேறினார்கள். தலைவர், செயலாளர், மூன்றாவதாக மூக்காயி.

மூக்காயி பெட்டி தூக்குகிறவள். அம்மைப்பால் குழாய்கள், டிஞ்சர், பஞ்சு, மருந்துப் பாட்டில்கள் எல்லாம் அடங்கிய தகரப்பெட்டி. இருபத்திரண்டு ராத்தல் கனம். வாரத்தில் நாலு நாள் அதைத் தலையில் வைத்துக்கொண்டு சாணார்பட்டிக்கு ஒன்பது மைல் போவாள், ஒன்பது மைல் வருவாள். ஊசி போடும் நர்ஸ் அன்னாள் பஸ்ஸில் போவாள். பெட்டி பஸ்ஸில் போகக் கூடாது. குலுங்கினால் மருந்து கெட்டுவிடும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு துரை எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தான். துரை போய்ப் பதினாலு வருஷமாகியும் விதி போகவில்லை. முப்பது வருஷமாக நடந்து நடந்து மூக்காயியின் கெண்டைக்கால் கருங்கல்லாக இறுகியிருந்தது. ஒரு தலைவலி என்று அவள் படுத்ததை யாரும் பார்த்ததில்லை.

அவளுக்கு இந்த வேலை போகக் கூடாது. காரணம் சின்னாளப்பட்டியில் இருந்தது. மகன் அங்கே ஒரு தறிக்காரரிடம் வேலைக்கு இருந்தான். மாமியாருக்கு வயது முடிகிறது என்று காதில் விழுந்த அன்றே மருமகள் பழனியம்மாள் வீட்டு மூலையில் ஒரு சாக்கை விரித்து, நூல் சுற்றும் ராட்டையைப் பக்கத்தில் நகர்த்திவைத்துவிட்டாளாம். வந்தால் உட்கார்ந்தபடி காலையிலிருந்து பொழுது சாய நூல் சுற்றலாம், சோறு தானாக வரும் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.  அந்தச் சாக்கில் உட்கார்த்திவைத்தால் ஆறு மாதத்தில் செத்துப்போவேன் என்று மூக்காயி நர்ஸ் அன்னாளிடம் சொன்னாள். அவள் மிகைப்படுத்தவில்லை.

திட்டத்தைத் தலைவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடி தொடங்கிவைத்தார்.

"உட்கார்ந்தே இருப்பவன் பாதிப் பிணம்," என்று முழங்கினார். "நம் முன்னோர்கள் நடந்தார்கள். ஆகவே வாழ்ந்தார்கள். நானும் நடப்பவன். என் மனம் ஒரு நிமிஷம்கூட ஓரிடத்தில் நிற்பதில்லை."

கைதட்டல் அடங்கியதும் இரண்டு ப்யூன்கள் வந்து அவரை நாற்காலியிலிருந்து எடுத்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் பொட்டலுக்கு வந்தது மூக்காயி ஒருத்திதான். வட்டத்துக்கு நடுவில் முக்காலி போட்டு டிரில் மாஸ்டர் கண்ணுசாமி உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் இருந்தவர். எழுதப்பட்டதைச் செய்வார், செய்ததை எழுதுவார். இரண்டுக்கும் நடுவே யோசிப்பது என்ற ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் உத்தரவாகக் கொடுத்ததில்லை. மூக்காயி இருபது சுற்று முடித்து, பெயரைப் பதியச் சொன்னாள். அவர் பேனாவைத் திறக்கும்போது மேலேயிருந்து அழைப்பு வந்தது.

செயலாளர் விளக்கினார். அதிகாரிகளுக்குக் கோப்புகள் இருக்கின்றன. கோப்பை விட்டுவிட்டு நடந்தால் வட்டாரத்தின் ஆரோக்கியம் என்ன ஆவது? எனவே அதிகாரிகளின் நடையை வாரிய ஊழியர் ஒருவர் பதிலாள் முறையில் நடக்கலாம் என்று நேற்று மாலையே தீர்மானம் நிறைவேறியிருந்தது. வாரிய ஊழியராக மட்டும் இருக்க வேண்டும். வெளியாள் நடந்தால் செல்லாது.

கண்ணுசாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அபூர்வமாக வருவது, ஆகவே கேட்டுவிட்டார். இவள் நடந்தால் தலைவர் உடம்பு எப்படித் தேறும் என்றார்.

"தலைவருக்காக நான் கையெழுத்துப் போட்டால் அது தலைவர் கையெழுத்தா இல்லையா?" என்றார் ராயப்பராஜ். "கைக்கு ஒரு சட்டம், காலுக்கு ஒரு சட்டமா? யாருக்காக ஓர் அசைவு செய்யப்படுகிறதோ, அவர் பெயரில் அந்த அசைவு பதியப்பட வேண்டும். எழுதிக்கொள்ளும்."

கண்ணுசாமி எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து மூக்காயி விடியற்காலையில் தலைவருக்கு இருபது சுற்று, செயலாளருக்கு இருபது சுற்று நடந்தாள். முடிப்பதற்கும் ஆறரை மணிக்கும் சரியாக இருக்கும். அப்புறம் பெட்டியைத் தூக்கினால் சாணார்பட்டி. அவளுடைய சொந்த நடையேடு புதுக் காகித வாசனையோடு அப்படியே இருந்தது. தன் பேரிலும் ரெண்டு சுற்று எழுதக் கூடாதா என்று கேட்டுப் பார்த்தாள். ஒரே காலால் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு நடக்க முடியாது என்று கண்ணுசாமி நியாயம் சொன்னார்.

தீபாவளி முடிந்து நீட்டிப்புக் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் தலைவரும் செயலாளரும்தான். முதலில் தலைவரின் நடையேட்டைச் செயலாளர் பரிசீலித்து வியந்தார். பிறகு செயலாளரின் நடையேட்டைத் தலைவர் பரிசீலித்து வியந்தார். இருவருக்கும் ஐந்து வருஷ நீட்டிப்பு பரிந்துரைக்கப்பட்டது. மேல் வாரியத்தின் கமிஷனர் சென்னையிலிருந்து வந்து ஏட்டை நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டியதுதான் பாக்கி. மூன்றாவதாக மூக்காயியைக் கூப்பிட்டார்கள்.

அவளுடைய ஏட்டைத் தலைவர் புரட்டினார். வெள்ளைத் தாள், வெள்ளைத் தாள், வெள்ளைத் தாள். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"நாலு மாசத்தில் ஒரு சுற்றுக்கூட நடக்கவில்லையே, அம்மா," என்றார். "இந்த வயதில் உடம்பை இப்படி வைத்துக்கொள்ளலாமா? என்னைப் பார்."

மூக்காயி பார்த்தாள். பார்க்க நிறைய இருந்தது.

அவள் பணிவாகத்தான் சொன்னாள்: வாரத்துக்கு நாலு நாள் பதினெட்டு மைல் நடக்கிறேன், தலையில் பெட்டியோடு நடக்கிறேன். தலைவர் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, படிக்காதவர்களுக்கும் புரியும்படி விளக்கினார்.

"அது வேலை. கூலிக்கு நடப்பது உடற்பயிற்சி ஆகாது. கூலியில்லாமல் நடந்தால்தான் பயிற்சி. இல்லையென்றால் வண்டி மாடும் உடற்பயிற்சி செய்கிறது என்று ஆகிவிடும். மாட்டுக்கு நாங்கள் நீட்டிப்புக் கொடுக்க முடியுமா?"

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதியோடு அவளை வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. உடல்தகுதிக்கான முயற்சி ஏதும் எடுக்காதவர் என்று, தலைவரின் விளக்கத்தையும் சேர்த்துக் காரணம் எழுதினார்கள்.

அன்று மாலை நர்ஸ் அன்னாள் அந்தக் காகிதத்தைப் படித்துக் காட்டினாள். படிக்கும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. மூக்காயி அழவில்லை. காகிதத்தைத் திரும்ப ஒருமுறை படிக்கச் சொன்னாள். கூலியில்லாமல் நடந்தால்தான் பயிற்சி என்று தலைவர் சொன்னாரே, அது இதில் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. யாருக்காக நடக்கிறோமோ அவர் பேரில் எழுத வேண்டும் என்று செயலாளர் சொன்னது? அது தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது.  முப்பது வருஷமாகத் தலையால் பெட்டியைச் சுமந்தவள், அன்றைக்குத்தான் அந்தத் தலைக்கு வேறு வேலையும் உண்டு என்று கண்டுகொண்டாள்.

"நர்சம்மா, எனக்கு மூணு மாசம் இருக்கு," என்றாள். "அம்புட்டும் போதும்."

மறுநாள் பொட்டலில் சுற்று முடிந்ததும் அவள் கண்ணுசாமி எதிரில் பெட்டியோடு வந்து நின்றாள்.

"அப்பு, ஒரு வெவரம் கேக்கணும். சாணார்பட்டிக்கு நான் இந்தப் பொட்டிய யாருக்காகச் சொமக்கேன்?"

வாரியத்துக்காக என்றார் கண்ணுசாமி.

"வாரியம்னா யாரு?"

தலைவர் என்றார் அவர். செயலாளரும்.

"அப்ப நான் நடக்குற பதினெட்டு மைலும் அவுக நடக்குறதுதான. ஏன் அப்பு எழுதல?"

அது வேலையல்லவா என்று அவர் இழுத்தார். மூக்காயி விடவில்லை. கூலி வாங்குவது நான், அதனால் எனக்கு அது வேலை. தலைவர் இதற்குக் கூலி வாங்குகிறாரா? வாங்கவில்லை. கூலியில்லாத நடை அவருக்குப் பயிற்சியா இல்லையா?

கண்ணுசாமி தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். ஒரு பொத்தல் இல்லை. நாலு மாசமாக ஒரு பெரிய அசைவைப் பதியாமல் விட்டுவிட்டோமே என்று நொந்துகொண்டார். அன்றே பதிய ஆரம்பித்தார். திங்களும் வியாழனும் தலைவர் பேரில், செவ்வாயும் வெள்ளியும் செயலாளர் பேரில். 'பதினெட்டு மைல். தலையில் சுமை இருபத்திரண்டு ராத்தல். களைப்பு இல்லை.'

மூக்காயி அதோடு நிற்கவில்லை. போகிற வழியில் சேற்றில் மாட்டிய வண்டிக்குத் தோள் கொடுத்தால் வந்து சொல்வாள், கண்ணுசாமி எழுதுவார். சாணார்பட்டியில் வாரியத்தின் ஊசி வேலைக்காக முப்பது வாளி தண்ணீர் இறைத்தாள். தலைவர் முப்பது வாளி இறைத்ததாக ஏறியது. மார்கழியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து ஓட, அவள் துரத்திப் பிடித்தாள். செயலாளர் இரண்டு பர்லாங் ஓடிப் பதினோரு பையன்களைப் பிடித்தார் என்று ஏடு சொன்னது. தலைவரும் செயலாளரும் வாரம் தவறாமல் அந்த ஏட்டில் கையெழுத்துப் போட்டார்கள். தாங்கள் கையெழுத்துப் போடுவதைப் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

தை மாதம் ஏடுகள் சென்னைக்குப் போயின. அங்கே கமிஷனர் படித்தார். அவர் படிக்கிற ஆள்.

ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி சாயந்திரம் பொட்டலில் பந்தல். மூக்காயிக்குப் பிரிவுபசாரமும் கமிஷனருக்கு வரவேற்பும் ஒரே மாலைச் செலவில் முடியட்டும் என்று சேர்த்துவைத்திருந்தார்கள். மூக்காயிக்கு வாரியத்தின் சார்பில் ஒரு கைத்தடி பரிசு. இனியாவது அவர் நடையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் வாழ்த்தினார். அவள் தடியை வாங்கி, கனம் பார்த்து, தலைவரின் நாற்காலியில் சாத்திவைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கமிஷனர் எழுந்தார். ஒல்லியான மனிதர். ஏட்டைக் கையில் பிடித்திருந்தார். முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ஆவணத்தைப் பார்த்ததில்லை என்றார். வட்டாரத்தின் தலைவர், ஐம்பத்து நான்கு வயதில், தகரப்பெட்டியைத் தலையில் சுமந்து பதினெட்டு மைல் நடக்கிறார். அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் இல்லை. பந்தலில் சலசலப்பு எழுந்தது. சுருளிவேல் ராயப்பராஜைப் பார்த்தார். ராயப்பராஜ் கண்ணுசாமியைப் பார்த்தார். கண்ணுசாமி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"பெட்டி தூக்கும் ஆயா இன்றோடு ஓய்வு பெறுகிறார்," என்றார் கமிஷனர். "அந்த இடத்துக்கு ஆள் போடுவதற்கில்லை. போட்டால் இந்த இரண்டு பெரியவர்களின் பயிற்சி கெட்டுப்போகும். நாளை வியாழக்கிழமை, தலைவரின் முறை. நான் காலையிலேயே சாணார்பட்டி பங்களாவுக்குப் போய்விடுகிறேன். தலைவர் பெட்டியோடு வருவதை என் கண்ணால் பார்த்து ஒப்புதலில் கையெழுத்துப் போடுகிறேன். செயலாளரும் கூட வரட்டும். கண்ணுசாமி, நீர் ஏட்டோடு சைக்கிளில் வாரும். ஒரு பர்லாங் விடாமல் எழுதும்."

இல்லை, நாங்கள் நடக்கவில்லை என்று சொன்னால் ஏடு பொய்யாகும். ஏட்டிலிருக்கும் கையெழுத்து அவர்களுடையது. தலைவர் உட்கார்ந்தபடியே கூட்டத்தைக் கும்பிட்டார்.  கைதட்டல் அரை பர்லாங் தூரம் கேட்டது.

மறுநாள் காலையில் கண்ணுசாமியைத் தவிர வாரிய ஊழியர்கள் ஒன்பது பேருக்கும் காய்ச்சல். பதிலாளாக நடக்க ஒருவரும் இல்லை. வெளியாளைப் பிடிக்கத் தீர்மானம் விடவில்லை. தீர்மானத்தைக் கண்ணுசாமி சைக்கிள் கேரியரில் கட்டிவைத்திருந்தார். ஆறரைக்குத் தலைவரின் தலையில் பெட்டி ஏறியது. நாகல் நகர்க் கடைக்காரர்கள் எல்லாம் வாசலில் வந்து நின்று கும்பிட்டார்கள். கும்பிடும்போது சிரிக்காமல் இருக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர்களுக்குப் பத்தடி பின்னால், வெறுங்கையை வீசிக்கொண்டு, மூக்காயி வந்துகொண்டிருந்தாள். நீ எதற்கு வருகிறாய் என்று செயலாளர் கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா, கூலியில்லாமல் நடந்தால்தானே பயிற்சி என்று அவள் பதில் சொன்னாள்.

ஒரு மைலில் தலைவரின் வேட்டி நனைந்தது. இரண்டாவது மைலில் செயலாளருக்குச் செருப்பு கடித்தது. ஒரு மாட்டு வண்டி வந்தது. தலைவர் அதைப் பார்த்த பார்வையில் மாடே மிரண்டது. ஏறினால் ஏறியதாக எழுத வேண்டியிருக்கும் என்று கண்ணுசாமி மரியாதையாக நினைவூட்டினார். அதுவரைக்கும் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினார்: 'ஏழு முறை நின்றார். இரண்டு முறை உட்கார்ந்தார். ஒரு முறை கடவுளைக் கூப்பிட்டார்.' மூன்றாவது மைல் கல்லில் தலைவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, கல்லின்மேலேயே சாய்ந்துவிட்டார். முகம் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"மூக்காயி," என்றார். குரலில் மேடை இல்லை. "செத்த நேரம் நீ தூக்கிட்டு வாம்மா. பங்களாவுக்கு ஒரு பர்லாங் இருக்கறப்ப எங்கிட்டக் குடுத்திரு."

"நான் வாரிய ஊழியர் இல்லையேய்யா. வெளியாளு தூக்குனாச் செல்லாதுன்னு அப்பு எழுதிருவாரு."

ஆமாம் என்றார் கண்ணுசாமி.

சாலை ஓரத்துப் புளியமரத்தடியில் நீட்டிப்புக் கமிட்டி அவசரமாகக் கூடியது. செயலாளர் எங்கே போனாலும் தலைப்புத்தாளும் முத்திரையும் பையில் கொண்டுபோகிறவர். பெட்டியின்மேல் தாளை வைத்து எழுதினார். மூக்காயி என்பவரின் உடல்தகுதியை வாரியம் நேரில் கண்டு திருப்தியுற்றதாகவும், ஐந்து வருஷம் நீட்டிப்பு வழங்குவதாகவும், நடையேட்டைக் கேட்டு இனி அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்றும் எழுதச் சொல்லி மூக்காயியே நின்று கேட்டு வாங்கினாள். தலைவர் கையெழுத்துப் போட்டார். இந்த முறையும் படிக்கவில்லை. முத்திரை விழுந்தது. ஈரம் காயும் வரை ஊதினாள். பிறகு கண்ணுசாமியிடம் நீட்டி, உரக்கப் படிக்கச் சொன்னாள்.

கண்ணுசாமி ஓர் எழுத்து விடாமல் படித்தார். கடைசி வரி, வாரியத்தின் எல்லா உத்தரவுகளிலும் செயலாளரின் கை தானாகவே எழுதிவிடும் வரி: 'இவ்வுத்தரவு நாளை முற்பகல் முதல் நடைமுறைக்கு வரும்.'

காகிதத்தை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள் மூக்காயி. செயலாளர் அதைத் திருத்தித் தருவதாகச் சொல்லிக் கையை நீட்டினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

அவள் குனிந்தாள். பெட்டியை ஒரே மூச்சில் தூக்கினாள். தலைவரின் முகத்தில் உயிர் வந்தது. கல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, வாய் நிறையச் சிரித்து, நீ நல்லா இருப்பே தாயி என்றார்.

அவருடைய துண்டை உருவி வட்டமாகச் சுற்றிச் சும்மாடாக்கி, அவர் தலையில் வைத்து, அதன்மேல் பெட்டியை இறக்கினாள். முப்பது வருஷப் பழக்கம். ஒரு பாட்டில்கூடச் சத்தம் போடவில்லை.

"நாளைக்குத்தானய்யா எனக்கு வேலை," என்றாள். "கழுத்த ஆட்டாம வச்சுக்கங்க. இன்னும் ஆறு மைல் கெடக்கு."